கெட்ட சேதி சொல்ல ஒரு பிள்ளை

சொல்லக் கூடாத சொற்கள் என்று அழகுத்தாயிடம் ஒரு பெரிய மூட்டையே இருந்தது. சாவு, ஆஸ்பத்திரி, விபத்து, வேலை போவது, வீடு போவது. விளக்கு வைத்த பிறகு இவற்றில் ஒன்றையும் அவள் வீட்டுக்குள் யாரும் உச்சரித்துவிட முடியாது. உப்பு தீர்ந்துபோனால்கூட "உப்பு இல்லை" என்று சொல்லமாட்டாள், "உப்பு வாங்கணும்" என்பாள். புருஷன் சுருளிவேல் டீ ஃபேக்டரிக்குக் கிளம்பும்போது "போயிட்டு வாரேன்" என்பதில் "வாரேன்" கொஞ்சம் முனகலாக வந்துவிட்டால் போதும், முற்றம் தாண்டியவனைத் திரும்பக் கூப்பிட்டு முழுசாகச் சொல்ல வைப்பாள். அவனும் பாவம், ஷிஃப்டுக்கு நேரமாகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போவான்.

அவள் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. போடிக்குக் கீழே ஒரு கிராமத்தில் பிறந்தவள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது தம்பி காய்ச்சல் கண்டு கண் செருகிக் கிடந்தான். "செத்துருவானாம்மா?" என்று கேட்டுவிட்டாள். அவள் அம்மா வாயோடு சேர்த்து ஓர் அறை விட்டாள். தம்பி பிழைத்துக்கொண்டான், இன்றைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஊசி போட்ட டாக்டரை அழகுத்தாய் மறந்துவிட்டாள், அறையை மறக்கவில்லை. தன் வாய் அடைபட்டதால்தான் தம்பியின் உயிர் தங்கியது என்று அந்த வயதில் மனசுக்குள் போய் உட்கார்ந்த எண்ணத்தை, பிறகு யாரும் எழுப்பி வெளியே அனுப்பவில்லை.

கல்யாணமாகி மலைமேல் வந்தாள். மூணாறு டவுனிலிருந்து ஜீப்பில் குலுங்கிக்கொண்டு உள்ளே போனால் ஓர் எஸ்டேட், அதன் கோடியில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடுகள் கொண்ட ஒரு லயம். அதில் ஒரு வீடு சுருளிவேலுடையது. சுருளிவேலுடையது என்று பேச்சுக்குத்தான் சொல்வது. வீடு கம்பெனியுடையது. வேலை இருக்கும்வரை வீடு, வேலையை விட்டால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். சுருளிவேலின் தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்கிறது, அதில் ஓர் ஓடுகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. கீழே இறங்கினால் போடியிலும் அவர்களுக்கு என்று ஒரு குழி நிலம் கிடையாது. அதனால் அழகுத்தாய் கொழுந்து எடுத்தாள், சுருளிவேல் இலை வாட்டினான், வீடு தங்கியது. லயத்துக்குப் பின்னால் செங்குத்தாக மலை நின்றது.

அந்த மலையைப் பற்றி முன்பெல்லாம் யாரும் நினைத்ததில்லை. சில வருஷங்களாக மழை பெய்கிற விதமே மாறிவிட்டது. ஒரு மாதத்து மழை ஒரே ராத்திரியில் கொட்டுகிறது. அங்கே மண் இறங்கிவிட்டது, இங்கே ரோடு போய்விட்டது என்று சேதி வருகிறது. அந்த ஊரில் இதை உருள்பொட்டல் என்பார்கள், மலை வெடித்துக் கல்லும் மண்ணும் மரமுமாக உருண்டு வருவது. மழைக்காலத்தில் பஞ்சாயத்து மெம்பர் ஒரு வாட்ஸாப் குழு தொடங்கி அதில் தினமும் எச்சரிக்கை போட ஆரம்பித்தார். எல்லாம் மலையாளத்தில். லயத்துப் பெரியவர்கள் எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலெழுத்து படித்தவர்கள். மலையாளம் பேசுவார்கள், வாசிக்க வராது. அழகுத்தாய்க்கு இரண்டும் வராது.

அவள் மகள் ஆர்த்திக்கு இரண்டும் வரும். அஞ்சாவது படிக்கிற பிள்ளை, டவுன் பள்ளிக்கூடத்தில் மலையாளத்தைத் தண்ணீர் மாதிரி வாசிப்பாள். லயத்தில் அந்த வயதில் வேறு பிள்ளையும் இல்லை. இருந்ததெல்லாம் கைக்குழந்தைகள், இல்லையென்றால் ஹாஸ்டலில் போய்ப் படிக்கிற பெரிய பிள்ளைகள். கொழுந்து எடை போட்டுவிட்டு எல்லாரும் திரும்புகிற நேரத்தில் அழகுத்தாயின் வாசலில் கூட்டம் கூடும்.

"பாப்பா, இன்னைக்கு என்ன போட்டிருக்காக?"

ஆர்த்தி நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற குரலில் வாசித்து, பிறகு தமிழில் சொல்வாள். மஞ்சள் என்றால் சாதாரண மழை, ஆரஞ்சு என்றால் பெரிய மழை, சிவப்பு என்றால் மலையடியில் இருப்பவர்கள் நிவாரணக் கேம்புக்குப் போய்விட வேண்டும். மஞ்சள் சொன்ன நாளில் "பிள்ளை வாய் நல்ல வாய்" என்று கன்னத்தைக் கிள்ளி மிட்டாய் தருவார்கள். சிவப்பு சொன்ன நாளில் உச்சுக்கொட்டிக்கொண்டு அவளையே பார்ப்பார்கள், மழையை அவள்தான் பையில் வைத்துக் கொண்டுவந்தாள் என்பது போல.

முதல் நாள் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்தது அழகுத்தாய்தான். "குழந்தை வாயால வந்தா தோஷம் இல்ல" என்று காரணமும் அவளே சொன்னாள். லயமே அதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ளாமல் என்ன? கெட்ட சேதியைத் தன் வாயால் சொல்ல அங்கே ஒருத்தருக்கும் இஷ்டமில்லை. பெரிய மனுஷர்கள் இத்தனை பேர் சுற்றி நின்றுகொண்டு, ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்தி, அதன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாக்காரிக்கு இதில் பெருமை வேறு.

போன ஆனி மாதம் ஒரு நாள் ஆர்த்தி மஞ்சள் என்று வாசித்தாள். எல்லாரும் நிம்மதியாகப் படுத்தார்கள். விடிகிற நேரத்தில் லயத்துக்குப் பின்னால் மண்திட்டு ஒன்று சரிந்து, கடைசி வீட்டுக் கருப்புசாமியின் மாட்டுக் கொட்டகையை மூடிவிட்டது. மனிதர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மாடு செத்துப்போனது, சினை மாடு. கருப்புசாமி முழங்கால் சேற்றில் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"மஞ்சள்னு பாப்பா சொல்லுச்சேன்னுதான கட்டிப்போட்டுப் படுத்தேன். இல்லேன்னா கோயில் மேட்டுக்கு ஓட்டிட்டுப் போயிருப்பேன்ல."

யாரையும் குற்றம் சொல்லி அவர் அதைச் சொல்லவில்லை. மாட்டைப் பறிகொடுத்தவன் புலம்பல், அவ்வளவுதான். அழகுத்தாயும் கேட்டாள், இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆர்த்தி அப்படி விடவில்லை.

அதற்குப் பிறகுதான் வயிற்றுவலி தொடங்கியது. பொழுது சாய்ந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். சோறு இறங்காது. யூனிஃபார்ம் காலரைக் கடித்துக் கடித்து நூல் நூலாக்கி வைத்தாள். படுக்கையில் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு விழித்துக் கிடந்தாள். பிறகு ஒரு காலையில் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கதவு நிலையைக் கட்டிக்கொண்டாள். பிரித்து எடுக்க இரண்டு பேரால் முடியவில்லை.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். கோயில் பூசாரி தண்ணீர் மந்திரித்து முகத்தில் அடித்து, கறுப்புக் கயிறு கட்டினார். சுருளிவேல் டவுனிலிருந்து பரோட்டா வாங்கி வந்தான். அழகுத்தாய் தனக்குத் தெரிந்த ஒரே மருந்தைக் கொடுத்தாள்.

"பயப்படாத தாயி. ஒண்ணும் ஆகாது."

"இல்லம்மா, ஒருவேளை நம்ம வீட்டு மேல..."

"வாயை மூடு! விளக்கு வச்ச நேரத்துல என்ன பேச்சு பேசுற?"

பிள்ளை வாயை மூடிக்கொண்டாள். ஊருக்கெல்லாம் கெட்ட சேதி வாசிக்க அந்த வாய் வேண்டும், தன் பயத்தைச் சொல்ல மட்டும் திறக்கக் கூடாது. என்ன நியாயமோ!

பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். பிள்ளைகளின் மனக்கஷ்டம் கேட்பதற்கென்று அங்கே கவுன்சிலர் ஒருவர் இருந்தார், பெர்சி டீச்சர். மறையூர்ப் பக்கத்துத் தமிழ்க்காரி. ஆர்த்தியைக் கொஞ்ச நேரம் தனியாக வைத்திருந்துவிட்டு அழகுத்தாயைக் கூப்பிட்டார்.

"பிள்ளைக்கு வயித்துவலி பொய் இல்லம்மா. பயம் அதிகமானா சின்னப் பிள்ளைகளுக்கு வயித்துலதான் தெரியும். என்ன பயம்னு நீங்க கேட்டீங்களா?"

"கேட்டா அது வந்துரும் டீச்சர்."

"கேக்காமயே வந்திருக்கே."

அழகுத்தாய்க்குக் கோபம் வந்தது. டீச்சர் விடவில்லை. "எங்கிட்ட பாதிதான் சொன்னா. மீதி உங்ககிட்டதான் சொல்லணும். பயப்படாதன்னு சொல்றத கொஞ்ச நாளைக்கு நிறுத்திப் பாருங்க. அவ பேசறப்ப குறுக்க விழாதீங்க" என்றார். இதைக் கேட்கவா அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்தோம் என்று ஜீப்பில் வழியெல்லாம் பொருமிக்கொண்டு வந்தாள். ஜீப் ஓட்டுகிற ஜோஜோ, "என்ன சேச்சி, டீச்சர் ஒங்கள அடிச்சாங்களா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஆர்த்தியின் முகம் தேயிலைச் சரிவைப் பார்த்து இருந்தது, அம்மாவின் முகம் அவளுக்குத் தெரியவில்லை. ஒருவேளை அதனால்தானோ என்னவோ, பிள்ளை பேசினாள்.

"அம்மா, நான் தூங்கிட்டா யாரு வாசிப்பா?"

அழகுத்தாயின் கை தானாகவே பிள்ளையின் வாயை நோக்கி எழுந்தது. கையில் பேன்சீப்பு இருந்தது. டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்து, அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"நான் ஸ்கூல்ல இருக்கும்போது சிவப்பு வந்தா? ஒங்களுக்குத் தெரியாதுல்ல. நீங்க எல்லாரும் இங்கதான் இருப்பீங்க. நான் சாயங்காலம் வந்து பார்த்தா..." பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. "கருப்புசாமி மாமா மாட்ட நான்தானம்மா கொன்னேன். நான் மஞ்சள்னு வாசிச்சேன்ல."

அழகுத்தாய்க்கு அய்யோ என்று கத்த வேண்டும் போல் இருந்தது, பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அப்படிச் சொல்லாதே சொல்லாதே என்று அழ வேண்டும் போல் இருந்தது. ஒன்றும் செய்யவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஈர் உருவினாள். பிள்ளை எல்லாவற்றையும் சொன்னாள். மலை எப்படி வரும், எந்த வீட்டை முதலில் மூடும், அப்பா ஃபேக்டரியில் இருந்தால் யார் போய்ச் சொல்வது. லயத்தில் எந்தப் பெரியவரும் யோசிக்காததையெல்லாம் அந்தப் பிள்ளை உட்கார்ந்து யோசித்து வைத்திருந்தாள்.

அழகுத்தாய் அன்றைக்கே கருப்புசாமியிடம் போய்ச் சொன்னாள். அவர் அரண்டுபோனார். "நான் அப்படியா சொன்னேன்? ஒனக்கு நல்லாத் தெரியுமா தங்கச்சி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு வந்து ஆர்த்தியின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "பாப்பா, மண்ணு சரிஞ்சு மாடு செத்துச்சு. நீ என்னத்த செஞ்ச? ஒன் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல" என்று சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆர்த்தி "சரி மாமா" என்றாள். சாயங்காலம் மறுபடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு, போன் எங்கே என்று கேட்டாள்.

அப்போதுதான் அழகுத்தாய்க்குப் புரிந்தது. ஆறுதல் சொல்லி இது தீராது. தலையில் ஏற்றிய சுமையை இறக்கி வைக்காமல், பயப்படாதே பயப்படாதே என்று முதுகைத் தடவிக் கொடுத்தால் சுமக்கிற பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?

மறுநாள் வாசலில் கூட்டம் கூடியபோது போனை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இனிமே எம்பிள்ள வாசிக்காது."

பக்கத்து வீட்டுச் செல்வப்பிரியா, "அப்ப யாரு மதினி வாசிக்கிறது?" என்று கேட்டாள்.

"நான்."

சிரித்துவிட்டார்கள். சுருளிவேலும் சேர்ந்து சிரித்தான். "ஒனக்கு மலையாளத்துல 'அ'னாகூடத் தெரியாதே, அழகு."

"கலர் தெரியும்ல. தினமும் ஒரு படம் போடுறாக, அதுல நம்ம ஜில்லா என்ன கலர்ல இருக்குன்னு பார்க்க எதுக்குப் படிச்ச பிள்ள? இலையில எது முத்துனது, எது கொழுந்துன்னு நெறத்த வச்சே பார்க்கத் தெரியுதுல்ல நமக்கு? நம்மள்ல ஒருத்தருக்கும் அத வாயால சொல்லத் தைரியம் இல்ல. அதான் பச்சப் பிள்ளய முன்னால தள்ளி விட்டோம். தள்ளி விட்டது நான்தான், வேற யாரையும் சொல்லல."

எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கலைந்து போனார்கள். செல்வப்பிரியா சில நாள் பேசவில்லை. மெம்பரைப் பார்த்து அழகுத்தாய் கேட்டுக்கொண்டதில், சிவப்பு என்றால் தமிழில் குரலாகவும் அனுப்புகிறேன் என்றார், சில நாள் அனுப்பினார், பிறகு மறந்துபோனார்.

ஆர்த்தி உடனே குணமாகிவிட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். அம்மாவின் பின்னாலேயே நடந்தாள். "பார்த்தியாம்மா? இன்னொரு தடவ பாரும்மா." அழகுத்தாய் அலுத்துக்கொள்ளாமல் போனை எடுத்து, பிள்ளை பார்க்கும்படி பார்த்து, "மஞ்சள்" என்று சத்தமாகச் சொல்வாள். வேலைக்காட்டில் மேஸ்திரி முறைத்தாலும் பிளாஸ்டிக் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். ஆர்த்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். ஒரு நாள் போவாள், மறுநாள் ஜீப் வரைக்கும் போய்விட்டு அழுதுகொண்டே திரும்பி வருவாள். திரும்பி வந்த நாளில் அழகுத்தாய் திட்டவில்லை. திட்டாமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

ஆடியில் அந்த மழை வந்தது. பள்ளிக்கூடங்களுக்கு லீவு, எஸ்டேட்டிலும் வேலையை நிறுத்தியிருந்தார்கள். விடிந்ததிலிருந்து எதிர்ச் சரிவு கண்ணுக்குத் தெரியவில்லை. பின்பக்கச் சாக்கடையில் தண்ணீர் சிவந்து ஓடியது. கரண்ட் இல்லை, போனில் ரேஞ்ச் வருவதும் போவதுமாக இருந்தது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போன் ஒரு தடவை கத்தியது.

அந்தச் சத்தம் கேட்டு லயம் முழுக்க அழகுத்தாய் வீட்டுக்கு வந்துவிட்டது. பழக்க தோஷம், எல்லார் கண்ணும் ஆர்த்தியிடம் போனது. ஆர்த்தி தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள், முகம் வெளுத்திருந்தது.

"நான் வாசிக்கவாம்மா?"

"நீ உக்காந்து சாப்பிடு."

படம் மெல்ல மெல்ல வந்தது. அவர்களுடைய இடுக்கி ஜில்லா சிவப்பாக இருந்தது. சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள், எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது, ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அழகுத்தாயோ, சொன்னால் நடந்துவிடும் என்றே இத்தனை வருஷம் வாழ்ந்தவள். பெற்ற பிள்ளையை வைத்துக்கொண்டு, புருஷனை வைத்துக்கொண்டு, எப்படிச் சொல்வாள்? ஆர்த்தி இன்னும் உட்காரவில்லை, நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிவப்பு போட்டிருக்கு" என்றாள் அழகுத்தாய். "மலை எறங்கலாம். வீடு போகலாம். இங்கனயே இருந்தா நம்மளும் சாகலாம். கேம்புக்குக் கிளம்புங்க எல்லாரும்."

சுருளிவேல் புதுசாக யாரையோ பார்ப்பது போல் பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு கருப்புசாமி "வாங்கப்பா" என்று கிளம்பினார். ஜோஜோ ஜீப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டி, பிள்ளைகளை முதலிலும் பெரியவர்களைப் பிறகுமாகப் பள்ளிக்கூடக் கேம்பில் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

மலை இறங்கவில்லை. கேம்பில் கிடந்து, கஞ்சி குடித்து, முதுகு வலித்து, மழை விட்டதும் எல்லாரும் திரும்பினார்கள். "சும்மா கிடந்தவங்கள அலைய விட்டுட்டா" என்று செல்வப்பிரியா காதில் விழும்படியே சொன்னாள். அழகுத்தாய்க்கு ரோஷம் வரவில்லை, பயமாக இருந்தது. கேம்பிலிருந்து எங்கே திரும்பினார்கள்? அதே லயத்துக்குத்தான், அதே மலையின் அடிக்குத்தான். மறுநாள் காலை மஸ்டரில் போய் நின்று வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும். போகாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் இந்த வீடும் இல்லை. வேறு எங்கே போவது என்று சுருளிவேலைக் கேட்டாள். முன்பு ஒரு நாளும் கேட்டதில்லை. அவன் சேறு அப்பிய செருப்பைக் கழுவிக்கொண்டே, "போறதுக்கு எடம் இருந்தா எங்கப்பாவே போயிருப்பாருல்ல" என்றான்.

பொழுது சாய்கிற நேரம். அழகுத்தாய் விளக்கை ஏற்றினாள். ஆர்த்தி வந்து பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, மலை எப்பவாவது எறங்குமா?"

"தெரியல பாப்பா."

"ஒனக்குப் பயமா இருக்கா?"

விளக்கு வைத்த நேரம். அழகுத்தாய் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

"இருக்கு. ரொம்ப இருக்கு."

நிஜமாகத்தான் சொல்கிறாளா என்று ஆர்த்தி கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தாள். இடுப்பில் போன் இருக்கிறதா என்றும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப நான் படுக்கிறேம்மா" என்றாள். பாயைக்கூட விரிக்காமல், சுருட்டி வைத்திருந்த பாயிலேயே தலையை வைத்துப் படுத்தவள், சோறு வேகும் முன்பே தூங்கிப்போனாள்.

அழகுத்தாய் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். வயிற்றைப் பிசைந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் வந்து உட்கார்ந்து, போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது.